வேட்டை போன பிறகும் வேட்டைக் கத்தி

வேட்டைக் கத்தி செய்கிறவன் என்று யாராவது என்னை அறிமுகப்படுத்தினால், எதிரில் இருப்பவர் தவறாமல் கேட்பார்: "வேட்டையே கிடையாதே சார், யாருக்கு விக்கிறீங்க?" கேள்வி நியாயமானது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை லைசென்சுக்குள் அடக்கியது. 1991-இல் வந்த திருத்தம் அந்த லைசென்சையும் எடுத்துவிட்டது. நான் பட்டறைக்கு வந்ததே 1978-இல். என் கத்தி எதற்கும் மான் தோல் உரிக்கும் வேலை வந்ததில்லை. ஆனால் ஆடு, பன்றி, மீன் என்று அதற்கு வேலை குறைந்ததும் இல்லை. எஸ்டேட்காரர்கள் வாங்குகிறார்கள், காட்டோர முகாம்களில் சமைப்பவர்கள் வாங்குகிறார்கள், ஒரு வெங்காயம்கூட நறுக்காமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்ப்பவர்களும் வாங்குகிறார்கள்.

பெங்களூருக்கும் வேட்டைக்கும் பழைய உறவு உண்டு. வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் இந்த ஊர்க்காரர், 1910-இல் பிறந்து 1974-இல் இறந்தவர், இன்று எச்.ஏ.எல். என்று சொல்லும் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் எழுதிய ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காடுகளெல்லாம் இங்கிருந்து அரை நாள் தூரம்தான். அந்தத் தலைமுறையின் சாமான்கள் கன்டோன்மென்ட் பங்களாக்களில் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தன. பெட்டி திறக்கப்படும்போது துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். கத்தி எங்கள் மாமா பட்டறைக்கு வரும்.

பெங்களூர் அல்சூரில் தாய்மாமாவுக்கு ஒரு சின்ன லேத்துப் பட்டறை. நான் பகலில் ஒரு டூல்ரூமில் பயிற்சி, சாயங்காலம் அவரிடம். பிடி கழன்ற கத்தி, முனை உடைந்த கத்தி, துரு தின்ற கத்தி என்று வந்துகொண்டே இருக்கும். ஷெஃபீல்டில் செய்த ஜோசப் ராட்ஜர்ஸ், ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த பூமா என்று பெயர் பெற்ற கத்திகளை நான் முதலில் தொட்டது அப்படித்தான். அவற்றில் பலவற்றுக்குப் பிடி கடமான் கொம்பு. இந்தியக் காட்டில் உதிர்ந்த கொம்பு கப்பலேறி ஷெஃபீல்டுக்கும் சோலிங்கனுக்கும் போய், கத்திப் பிடியாகத் திரும்பி, நம் காட்டுக்கே வேட்டைக்கு வந்திருக்கிறது. இன்று அந்தக் கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றம். யாராவது ஆசையாகக் கொண்டுவந்தால் பேச்சை வளர்க்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

உடைந்த கத்தியைக் கையில் கொடுத்ததும் நான் நேராக வைஸில் மாட்டப் போவேன். மாமா தடுப்பார். "டேய், முதல்ல இத எதுக்குப் பிடிச்சான், எப்படி உடைச்சான்னு கேட்டுட்டு வா. அப்புறம் கை வை." கேட்டுப் பார்த்தால் பாதிக் கத்திகள் வெட்டும்போது உடைந்தவையே இல்லை. டின் திறந்திருப்பார்கள், பெட்டியை நெம்பியிருப்பார்கள், எலும்பு மூட்டுக்குள் விட்டுத் திருகியிருப்பார்கள். முனை மெலிந்து மேல்நோக்கி வளைந்த கத்திகள்தான் அதிகம் உடைந்து வந்தன. பார்க்கக் கம்பீரமாக இருப்பவையும் அவைதான்.

டூல்ரூமில் என் வேலை பிரஸ் டூல், டை. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்காக நாள் முழுக்க நிற்கிற வேலை. அங்கே ஒரு இன்ஜினியர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்வந்தபோது ஒரு புத்தகத்தின் ஜெராக்ஸ் கொண்டுவந்தார். ரிச்சர்ட் பார்னியும் ராபர்ட் லவ்லெஸும் சேர்ந்து எழுதி 1977-இல் வெளிவந்த 'ஹவ் டு மேக் நைவ்ஸ்'. படங்கள் பாதி கறுப்பாக அப்பியிருந்தன. ஆனாலும் லவ்லெஸின் அந்தக் கத்தியின் கோடு தெளிவாகத் தெரிந்தது. அதைச் செய்துபார்க்காமல் விடக்கூடாது என்று தோன்றிய நாளிலிருந்துதான் நான் கத்திக்காரன்.

ராபர்ட் (பாப்) லவ்லெஸ் அமெரிக்கர், 1929-இல் பிறந்தவர், எண்ணெய்க் கப்பலில் மாலுமியாக வேலை பார்த்தவர். 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஆபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் என்ற பெரிய கடைக்குப் போய் ராண்டால் கத்தி ஒன்று கேட்டார். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பழைய இரும்புக் கடைக்குப் போய் 1937-ஆம் வருடத்துப் பேக்கார்ட் காரின் ஸ்பிரிங் பட்டையை வாங்கித் தானே ஒரு கத்தி செய்துகொண்டார். பிறகு அதே கடை அவருடைய கத்திகளை வாங்கி விற்றது. சரி, அவர் ஆசைப்பட்ட அந்த ராண்டால் யார்? ஃப்ளோரிடாக்காரர். மிச்சிகனில் வில்லியம் ஸ்கேகல் என்பவர் செய்த கத்தி ஒன்றை யாரோ ஒருவர் படகின் பெயிண்டைச் சுரண்டப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவு முரட்டு வேலைக்குப் பிறகும் அதன் வாய் மழுங்கவில்லை. அந்த வியப்பில் 1930-களின் கடைசியில் தானும் செய்ய ஆரம்பித்தவர் அவர். ஸ்கேகலைப் பார்த்து ராண்டால், ராண்டாலைப் பார்த்து லவ்லெஸ், லவ்லெஸைப் பார்த்து உலகம் முழுக்க எத்தனையோ பேர். அந்த வரிசையின் கடைசியில் எங்கோ அல்சூரில் நானும் இருக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ராண்டாலும் லவ்லெஸும் முன்னவரின் கத்தியை அச்சு அசலாகத் திருப்பிச் செய்வதோடு நிற்கவில்லை. அதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்குக் காலம் பிடித்தது.

லவ்லெஸின் கத்தியில் முதுகுக் கோடு பிடியிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் நேராக வந்து, பிறகு மெதுவாக முனையை நோக்கிக் கீழே இறங்கும். 'டிராப் பாயின்ட்' என்பது இதைத்தான். முனை கத்தியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். செத்த மிருகத்தின் வயிற்றைத் திறக்கும்போது வாயை மேலே பார்க்க வைத்து, தோலுக்கு அடியில் கத்தியை ஓட்டுவார்கள். முனை முதுகுப் பக்கம் தூக்கி நின்றால் குடலைக் கிழித்துவிடும், இறைச்சி முழுக்க நாறிப்போகும். முனை அடங்கியிருந்தால் அந்த ஆபத்து இல்லை. முதுகின் கனம் முனை வரைக்கும் வருவதால் சுலபத்தில் உடையவும் உடையாது. வாய்ப்பகுதியின் வயிறு உருண்டு வருவது தோலை இறைச்சியிலிருந்து வழித்தெடுக்க. அலகு நான்கு அங்குலத்துக்குள். அதற்கு மேல் நீளம் இருந்தால் முனை எங்கே போகிறது என்று விரலுக்குத் தெரியாது. மாமா பட்டறைக்கு உடைந்து வந்த அத்தனை கத்திகளுக்கும் பதில் இந்த ஒரு கோட்டில் இருந்தது. ஜெராக்ஸ் தாளைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனதற்கு அழகு ஒரு காரணம். ரிப்பேர் வேலையில் கிடைத்த படிப்பு அதைவிடப் பெரிய காரணம்.

இரும்பைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்பது, "ஏன் அண்ணே, லாரிப் பட்டையிலேயே அடிக்கலாமே? திருப்பாச்சி அரிவாள் அதுலதானே அடிக்கிறாங்க?" அடிக்கலாம். ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு. அதில் கரி சுமார் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே. அடியைத் தாங்கும், வளைந்து நிமிரும், அரிவாளுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் சின்னக் கத்திக்கு வேண்டியது வேறு: மெல்லிய வாய், அந்த வாய் நீண்ட நேரம் நிற்க வேண்டும். அதற்குக் கரி கூடுதலாக வேண்டும். இன்னொரு விஷயம், பழைய பட்டை லட்சக்கணக்கான முறை குலுங்கியது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு உள்ளே இருக்கலாம். முக்கால்வாசி வேலை முடிந்து எண்ணெயில் தோய்த்தபிறகு அது வாய் திறந்தால் உழைப்பு அத்தனையும் குப்பை. புதுப் பட்டை கிடைத்தால் வாங்குங்கள் என்பேன்.

எனக்குப் பழக்கமானது டூல்ரூம் எஃகு. ஓ.எச்.என்.எஸ். என்று பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். எண்ணெயில் கெட்டிப்படும், அதிகம் சுருங்காது ('ஆயில் ஹார்டனிங் நான் ஷ்ரிங்கிங்'), அதனால் அந்தப் பெயர். கரி 0.9 சதவீதம் அளவில், கொஞ்சம் மாங்கனீஸ், குரோமியம், டங்ஸ்டன். டை செய்கிறவனுக்கு இது சோறு மாதிரி. லவ்லெஸ் பின்னாளில் ஜெட் என்ஜின் பாகங்களுக்காக உருவான 154 சி.எம். என்ற எஃகைக் கத்திக்குள் கொண்டுவந்தார். அது அன்று எங்களுக்கு எட்டாத சரக்கு. நான் அதைத் தேடி அலையவில்லை. கையில் இருப்பதன் குணம் முழுக்கத் தெரிந்திருப்பது, தெரியாத உயர்ந்த சரக்கைவிட மேல் என்பது டூல்ரூமில் படித்த பாடம்.

தட்டையில் நீல மை பூசி, ஊசியால் கோடு கீறி, ஹேக்சாவால் அறுத்து, அரத்தால் ராவி வடிவத்துக்குக் கொண்டுவருவது வரை பொறுமை உள்ள யாருக்கும் வரும். சிரமம் அதற்குப் பிறகு. லவ்லெஸ் கத்தியின் பக்கங்கள் தட்டையாக இறங்காது. உள்வாங்கிக் குழிந்து இறங்கும். வட்டச் சக்கரத்தின் வளைவு எஃகில் பதிந்த குழிவு அது. இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில், ஒரே இடத்தில் தொடங்கி, வாயில் வந்து சந்திக்க வேண்டும். வாயின் விளிம்பில் இரண்டு கோடுகளைக் கீறி வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு மில்லிமீட்டர் கனம் மிச்சம் இருக்கும்வரை இறக்குவேன். அதற்கு மேல் மெலிந்தால் உலையில் வாய் அலையலையாகக் கோணிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, உடம்பைத்தான் இடமும் வலமும் அசைக்க வேண்டும், கையை அசைக்கக் கூடாது. எஃகு சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். முதல் பக்கம் எப்போதும் அழகாக வரும். இரண்டாவது பக்கத்தை முதல் பக்கத்துக்கு ஈடாகக் கொண்டுவருவதில்தான் ஆள் தெரிவான். இன்றைக்கும் என் பட்டறைக்கு வேலை கேட்டு வரும் பையன்களின் கத்தியை வாங்கி நான் திருப்பிப் பார்ப்பது அந்த இரண்டாவது பக்கத்தைத்தான்.

அப்போது எங்களிடம் பெல்ட் கிரைண்டர் கிடையாது. மாமாவின் பாலிஷ் மோட்டாரில் எமரிப் பொடி ஒட்டிய சக்கரத்தை மாட்டித்தான் வேலை. பசை காய ஒரு நாள், சக்கரம் தேய அரை மணி நேரம். இன்று பீன்யா தொழிற்பேட்டையில் வரைபடம் கொடுத்தால் நல்ல பெல்ட் கிரைண்டரே செய்து தருகிறார்கள்; வேகத்தைக் கூட்டிக் குறைக்க டிரைவ் வைத்து, பத்து அங்குல ரப்பர்ச் சக்கரத்தோடு. பெல்ட்டும் தபாலில் வீடு தேடி வருகிறது. நாங்கள் வாரக்கணக்கில் செய்ததை இப்போது இரண்டு நாளில் முடிக்கலாம். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்தப் பழைய சக்கரத்தின் தூசி எத்தனை பேர் நெஞ்சில் இறங்கியது என்று எனக்குத் தெரியும். முகமூடி இல்லாமல் என் பட்டறையில் யாரும் மோட்டாரைத் தொடக்கூடாது.

பக்கங்கள் இறங்கியதும் கத்தி பீன்யாவுக்குப் போகும். அங்கே உப்புக் குளியல் வைத்திருந்த ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை. உருகிய உப்பு ஆரஞ்சு நிறத்தில் தொட்டிக்குள் நிற்கும். அதற்குள் எஃகைத் தொங்கவிட்டால் காற்றுப் படாமல் ஒரே சீராகச் சூடேறும். அங்கிருந்த மேஸ்திரி குடியாத்தம் பக்கத்துக்காரர். டை, பஞ்ச் என்று மூட்டை மூட்டையாக வரும் சரக்குக்கு நடுவே என் ஒற்றைக் கத்தியைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். "அண்ணே, இத மத்ததோட சேத்துப் போட்டுடாதீங்க. பிடி ஓட்டையில கம்பி கட்டி நெட்டுக்குத் தொங்கவிடணும். எண்ணெயில இறக்கும்போதும் முனை முதல்ல, நேரா" என்றேன். "நீ என்னப்பா கத்திக்கு ஜாதகமே எழுதிட்டு வந்திருக்க" என்றார். ஆனால் சொன்னபடியே செய்தார். சுமார் 800 டிகிரியில் பத்து நிமிடம் ஊறவிட்டு, இளஞ்சூடான எண்ணெயில் இறக்கினார். வெளியே வந்ததும் அரத்தை எடுத்து வாயில் இழுத்துப் பார்த்தார். அரம் பிடிக்காமல் வழுக்கியது. "கண்ணாடி" என்றார்.

கண்ணாடி மாதிரி கெட்டியானது கண்ணாடி மாதிரியே உடையும். அதனால் கை தாங்குகிற சூடு வந்ததும் உடனே 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து விறைப்பைத் தணிக்க வேண்டும். ஆறவிட்டு இன்னொரு முறை. அப்போது ராக்வெல் கடின அளவில் 60-ஐ ஒட்டி நிற்கும். கொல்லர்கள் இதை அளவுகோல் இல்லாமலே செய்தார்கள்: தோய்த்த அரிவாளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, உலைச் சூட்டில் காட்டி, வைக்கோல் மஞ்சள் நிறம் ஓடி வரும்போது பார்த்து நிறுத்துவார்கள். அந்த மஞ்சளும் ஏறக்குறைய அதே 200 டிகிரிதான். மீட்டர் வைத்திருக்கும் நாங்கள் அவர்களைவிடப் புத்திசாலிகள் என்று நினைத்துக்கொள்ள இதில் இடமே கிடையாது.

வாங்குகிறவருக்கு இந்த வேலை எதுவும் கண்ணில் படாது. பளபளப்பும் பிடி மரமும்தான் தெரியும். கத்தியின் விலையில் பாதி இந்தக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அதைக் காட்டுவதற்கு நான் ஒரு பித்தளைக் கம்பி வைத்திருக்கிறேன். சாணை பிடித்து முடித்த வாயைக் கம்பியின் மேல் சாய்த்து வைத்து, விளக்கு வெளிச்சத்தில் மெதுவாக அழுத்த வேண்டும். வாயின் விளிம்பு கம்பியின் வளைவுக்கு ஏற்ப லேசாகப் புடைத்து வருவது தெரியும். கையை எடுத்ததும் அது திரும்பி நேராகிவிட்டால் கத்தி தேறிவிட்டது. புடைத்தது புடைத்தபடியே நின்றால் இளசு. பொடிந்து கொட்டினால் விறைப்பு இறங்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்த வாடிக்கையாளர் அதற்குப் பிறகு என்னிடம் பேரம் பேசியதில்லை.

குடகிலிருந்து ஒரு காபி எஸ்டேட்காரர் வந்தார். கையில் குடும்பத்தின் பீச்சேகத்தி. குடவர்கள் இடுப்பில் பட்டுக் கச்சைக்குள் முன்பக்கம் செருகிக்கொள்ளும் கத்தி அது. வெள்ளியும் பொன்னும் இழைத்த பிடி, உறை. முதுகுப் பக்கம் மாட்டும் ஓடிக்கத்தி வேறு, அகன்று வளைந்த போர்க்கத்தி. கைல்போதுப் பண்டிகையில் துப்பாக்கியோடு இவற்றையும் வைத்துப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். அவர் பீச்சேகத்தியைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தவர், மேசையில் கிடந்த என் லவ்லெஸ் சாயல் கத்தியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எனக்கு வேண்டும், எஸ்டேட்டில் பன்றி அறுக்க" என்றார்.

உடனே கொடுத்துவிடவில்லை. மரத்தில் அதே பிடியைச் செதுக்கி, அவர் கையைச் சோப்புத் தண்ணீரில் நனைக்கச் சொல்லி, பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பன்றிக் கொழுப்பில் ஊறிய கை அப்படித்தான் இருக்கும். அவருடைய கை பெரியது; சுண்டுவிரல் பிடியை விட்டு வெளியே தொங்கியது. ஆள்காட்டி விரலுக்கான பள்ளம் அவருக்கு ஆழம் போதவில்லை, அழுத்தும்போது விரல் வாய்ப்பக்கம் நகர்ந்தது. பிடியை நீட்டினேன், பள்ளத்தை ஆழப்படுத்தினேன், பின்பக்கம் உள்ளங்கையில் நிரம்புகிற மாதிரி பெருக்கினேன். பிடி நீண்டதும் கனம் பின்னுக்குப் போயிற்று. அதற்கும் லவ்லெஸிடமே வழி இருந்தது: பிடிக்குள் ஓடும் எஃகை முன்னால் முழுக் கனத்தில் தொடங்கிக் கடைசியில் மெலிந்து முடியும்படி இழைப்பார் அவர். மிகவும் கஷ்டமான வேலை, ஆனால் கத்தி கையில் சமமாக நிற்கும்.

அடுத்தது மழை. குடகில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை துணியே காயாது. ஓ.எச்.என்.எஸ். அங்கே ஒரே ராத்திரியில் சிவந்துவிடும். அதனால் அவருக்கு டி-2 எடுத்தேன். எங்கள் கடைமொழியில் எச்.சி.எச்.சி.ஆர். குரோமியம் சுமார் 12 சதவீதம், கரி ஒன்றரை. முழுத் துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல முடியாது என்றாலும் பல நாள் தாங்கும். சாணை பிடிக்கக் கஷ்டம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். பிடிக்கு அவர் கேட்டது ஈட்டி மரம். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி ஆணி தளரும் என்று சொல்லித் துணி ஹைலம் போடச் சம்மதிக்க வைத்தேன். லவ்லெஸ் பிடிகளுக்குப் பேர்போன மைக்கார்ட்டா மின்சாரக் காப்புக்காக வந்த பொருள்தான்: துணியை ரெசினில் ஊறவைத்து அழுத்திய பலகை. அதே சரக்கு இங்கே ஹைலம் என்று சுவிட்ச் போர்டுக்கும் பல்சக்கரத்துக்கும் தட்டையாக விற்கிறது. மெருகேற்றினால் தேன் நிறத்தில் துணி நெசவு தெரியும், ஈரக்கையில் வழுக்காது.

உறைக்குத் தோல் எடுக்கும்போது குரோம் பதனிட்ட தோல் கூடாது, அதிலுள்ள உப்பு எஃகைக் கறுக்க வைக்கும். மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட காலத்திலிருந்தே அதில் நம்மவர்கள் பெயர் எடுத்தவர்கள். ஈஸ்ட் இந்தியா தோல் என்று புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தத் தோலை ஈரமாக்கிக் கத்தியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே வைத்து விரலால் அழுத்தி வடிவம் பிடித்தால், காய்ந்தபிறகு பட்டன் எதுவும் இல்லாமலே கத்தியைக் கவ்விக்கொள்ளும். கத்தி முக்கால்வாசி பிடிவரை உள்ளே இறங்கியிருக்கும்.

இத்தனையும் முடிந்தபோது அந்தக் கத்தியில் லவ்லெஸின் முதுகுக் கோடும் குழிவும் அப்படியே இருந்தன; மற்றதெல்லாம் குடகின் மழைக்கும் அவர் கைக்கும் ஏற்ப மாறியிருந்தது. ஒரு மழைக்காலம் கழித்துத் திரும்ப வந்தார். கத்தியை உறையிலேயே விட்டு வைத்ததில் ஒரு பக்கம் புள்ளி புள்ளியாக இருந்தது. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வெளியில் வையுங்கள், உறை நடக்கும்போது மாட்ட மட்டும் என்று சொல்லி அனுப்பினேன். கத்தியோடு ஒரு தாளில் இதை அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் அன்றிலிருந்து வந்தது.

இப்போது வருகிறவர்களில் பலர் சாஃப்ட்வேர்ப் பையன்கள். சனிக்கிழமை வந்து உலை மூட்டி, சம்மட்டி பிடித்து, கொப்புளத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். நல்ல கூட்டம், கேள்வி கேட்கிற கூட்டம். அவர்களுக்கு டமாஸ்கஸ் என்றால் உயிர். இரண்டு விதமான எஃகை அடுக்கி அடித்து மடித்து, அமிலத்தில் முக்கி நெளிநெளியாகக் கோடு வரவைப்பது. செய்யட்டும். ஆனால் டமாஸ்கஸ் என்று உலகம் வியந்த பழைய வாள்களுக்குப் போனது தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்த எஃகு. அதில் கோடு உள்ளிருந்தே வரும், அடுக்கி வந்ததல்ல. கொடுமணல் அகழாய்வில் அந்தத் தொழிலின் தடயம் கிடைத்திருக்கிறது. மைக்கேல் ஃபாரடே லண்டனில் அந்த எஃகைச் சோதித்து எழுதினார். நம் பெங்களூரிலேயே ஷாரதா சீனிவாசனும் எஸ். ரங்கநாதனும் சேர்ந்து இந்த எஃகைப் பற்றி 2004-இல் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். நெளிகோட்டுக்குக் காசு கொடுக்கும் முன் அதைப் படியுங்கள் என்று பையன்களிடம் சொல்கிறேன். கோடு வெட்டாது, வாய்தான் வெட்டும்.

பெரிய கத்தி கேட்டு வருகிறவர்களும் உண்டு. சினிமாவில் பார்த்ததைக் காட்டி, ஒரு அடி நீளம் வேண்டும் என்பார்கள். வீட்டு வேலை, விவசாயம், தொழில், அறிவியல் ஆகியவற்றுக்காகச் செய்யாத கத்தியில் அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்டாலோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்றாலோ ஆயுதச் சட்ட விதிகள் அதை ஆயுதமாக எண்ணுகின்றன. இந்தச் சட்டத்திலிருந்து குடவர்களுக்கு இருக்கும் தனி விலக்கு எல்லோருக்கும் பொருந்தாது. என் மேசையிலிருந்து நான்கரை அங்குலத்துக்கு மேல் எதுவும் வெளியே போனதில்லை. தோல் உரிக்கிறவனுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. தேவை இல்லாதவனுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

இன்னொரு கோரிக்கையும் வருகிறது, எனக்குப் பிடிக்காத கோரிக்கை. "அந்த லவ்லெஸ் முத்திரையையும் அதே மாதிரி போட்டுக் கொடுங்களேன்." மாட்டேன். லவ்லெஸ் 2010-இல் இறந்துவிட்டார். அவர் கையால் செய்த கத்திகள் பெரும் விலைக்குப் போகின்றன. அதனாலேயே போலியும் ஏராளம். அவருடைய கோட்டைப் பார்த்துச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவரும் வேறொருவரைப் பார்த்து ஆசைப்பட்டுத் தொடங்கியவர்தான். என் கத்தியைக் கையில் கொடுக்கும்போது, இது லவ்லெஸ் என்பவரின் வடிவத்திலிருந்து வந்தது, இன்னின்ன இடத்தில் நான் மாற்றியிருக்கிறேன் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். எஃகில் குத்துவது என் பெயரின் முதல் எழுத்தும் அல்சூர் என்ற ஊர்ப்பெயரும். அடுத்தவன் பெயரைக் குத்தினால் அது திருட்டு.

ஆகவே, கையால் செய்த கத்தி ஒன்று வாங்க நினைக்கிறவர்கள் செய்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன எஃகு, யார் எத்தனை டிகிரியில் கெட்டிப்படுத்தினார்கள், எந்த வடிவத்தைப் பார்த்துச் செய்தது. மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள். லவ்லெஸ் முத்திரையோடு யாராவது மலிவாக நீட்டினால், தொடாமல் வந்துவிடுங்கள்.